பதினான்கு நாள் பட்டியலை நம்பி நான் இழந்த ஒரு பேஸ்பால் பருவம்

2024 மே 17, வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, நியூயார்க் மெட்ஸ் அணியின் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை என் ஃபேன்டசி அணியிலிருந்து டிரேட் செய்து அனுப்பினேன். ஃபேன்டசி என்பது நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்டக் கணக்கை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு; டிரேட் என்பது வீரருக்கு வீரர் மாற்றிக்கொள்வது. அன்றைக்கு அவரது பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த முறைகளில் ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பேஸ் என்னும் ஓட்டத் தளத்தை எட்டுவது) ஆன பங்கு, .190-ஐ ஒட்டி இருந்தது. ஆறு வாரங்கள் பொறுத்தது போதும், இனியும் காத்திருப்பது முட்டாள்தனம் என்று நினைத்தேன். மறுநாளே மெட்ஸ் அணி அவரை பேட்டிங் வரிசையின் முதல் இடத்துக்கு மாற்றியது. பருவம் முடிந்தபோது அவர் .273 சராசரி, 33 ஹோம் ரன் (மைதானத்தைத் தாண்டிய அடி), 29 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) என்ற கணக்கோடு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் ஷோஹெய் ஓடானிக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருந்தார். அந்த நான்கரை மாதக் கணக்கு முழுவதும் என் எதிராளியின் பெயரில் ஏறியது. என்னைப் போலவே கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, அமெரிக்க அலுவலகத்தில் யாரோ அழைத்ததால் ஃபேன்டசி பேஸ்பாலில் சேரும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வீரரின் அண்மைக்கால ஆட்டத்தை எப்படி வாசிக்கக் கூடாது என்பதை அந்த ஆண்டு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் ஃபேன்டசி லீகில் 12 அணிகள். நுழைவுக் கட்டணம் 250 டாலர். ரோட்டிசரி என்னும் பழைய முறையில் ஆடுகிறோம். பேட்டிங்கில் சராசரி, ஹோம் ரன், ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் எடுக்க வைத்த ரன்), ஸ்டீல், பிட்சிங்கில், அதாவது பந்துவீச்சில், வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஈ.ஆர்.ஏ., விப் (ஒரு இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட்டும், நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகப் பேஸ் தரும் வாக்கும்) எனப் பத்துப் பிரிவுகளில் ஒவ்வொரு அணிக்கும் தரவரிசைப் புள்ளி கிடைக்கும். அணியில் இல்லாத வீரர்களை ஏலத்தில் எடுக்கப் பருவம் முழுவதற்கும் சேர்த்து 100 கற்பனை டாலர் ஒதுக்கீடு உண்டு. பருவத்துக்கு முன் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத டிராஃப்டில் என் தேர்வுகள் மோசமாக இல்லை. தோற்றது அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்களால்தான். இதை அன்றே நான் புரிந்துகொண்டிருந்தால் பாதி இழப்பு நேர்ந்திருக்காது.

எந்த ஃபேன்டசி செயலியைத் திறந்தாலும் கடைசி 7 நாள், 14 நாள், 30 நாள் என்று பிரித்த பட்டியல் முதலில் கண்ணில் படும். நான் அந்த 14 நாள் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் கிரிக்கெட்டிலிருந்து நான் கொண்டுவந்த ‘ஃபார்ம்’ என்ற எண்ணம். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நூறு பந்துகளை எதிர்கொள்ளும்போது அவருடைய கால் நகர்வதையும் மட்டையின் நடுவில் பந்து படுவதையும் நாம் பார்த்துவிடலாம். பேஸ்பாலில் ஒருவருக்கு ஒரு ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புகள்தான். பத்தில் மூன்று முறை ஹிட் அடிப்பவரே நட்சத்திரம். இரண்டு வாரத்தில் 50 முறை பேட் செய்தவர் 13 ஹிட் அடித்தால் .260; 17 அடித்தால் .340. முதலாமவரைக் கழற்றிவிட்டு இரண்டாமவரை எடுக்கச் சொல்லும் அந்தப் பட்டியலில் இருவருக்கும் நடுவே நிற்பவை நான்கே ஹிட்கள். அவற்றில் ஒன்று இரு ஃபீல்டர்களுக்கு நடுவே தொப்பென விழுந்த பந்தாக இருக்கலாம், இன்னொன்று ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கு எட்டாமல் உருண்டு போனதாக இருக்கலாம். இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தது அந்த ஆண்டு நவம்பரில்தான்.

லிண்டோர் விஷயத்தில் பார்க்க வேண்டியது எது என்று இப்போது தெரிகிறது. மட்டையில் பட்டு ஃபீல்டுக்குள் விழும் பந்துகளில், ஹோம் ரன்களை நீக்கிவிட்டு, எத்தனை ஹிட் ஆகின்றன என்று சொல்லும் விகிதத்தை ‘பேபிப்’ என்கிறார்கள். மேஜர் லீகின் பொதுச் சராசரி ஏறத்தாழ .300. வேகமாக ஓடுபவர்களுக்கும் பந்தைப் பலமாக அடிப்பவர்களுக்கும் அது சற்று உயர்ந்தே இருக்கும். லிண்டோரின் பேபிப் அந்த வசந்தத்தில் .300-க்கு வெகு கீழே கிடந்தது. ஆனால் அவருடைய ஸ்ட்ரைக் அவுட் விகிதம் முந்தைய ஆண்டுகளிலிருந்து பெரிதாக விலகியிருக்கவில்லை. பந்தை அவர் வழக்கம்போலவே மட்டையில் பிடித்துக்கொண்டிருந்தார், அவை ஃபீல்டர்களிடம் போய்க்கொண்டிருந்தன. அதோடு, மெட்ஸில் அவர் சேர்ந்த 2021-லும் தொடக்கம் இப்படி மந்தமாகத்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அவரை வரவேற்றதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர்களுக்கு இருந்த பொறுமை, வீட்டில் உட்கார்ந்து எண்களை மட்டும் பார்த்த எனக்கு இருக்கவில்லை. வரிசையில் முதலிடத்துக்குப் போவது சிறிய மாற்றமும் அல்ல: ஓர் இடம் மேலே போனால் பருவம் முழுவதும் பதினெட்டு வாய்ப்புகள் வரை கூடும் என்பது பொதுவான கணக்கு. எனவே ஒரு பேட்டரை மதிப்பிடும்போது, அவர் எத்தனை அடித்தார் என்பதற்கு முன், அணி அவரை எந்த இடத்தில் இறக்குகிறது, தினமும் இறக்குகிறதா, இடக்கைப் பிட்சர் வரும் நாளில் உட்கார வைக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். லைனப், அதாவது அன்றைய பேட்டிங் வரிசை, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

லிண்டோருக்கு ஈடாக நான் வாங்கியது ஃபிலடெல்ஃபியாவின் பிட்சர் ரேஞ்சர் சுவாரெஸை. அவர் நல்ல பிட்சர், அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்தப் பருவத்தை அவர் தோல்வியே இல்லாமல் 9 வெற்றிகளோடு தொடங்கினார், ஈ.ஆர்.ஏ. இரண்டுக்கும் கீழே இருந்தது. நான் அந்த ஓட்டத்தின் நடுவில், உச்ச விலையில் வாங்கினேன். பருவ முடிவில் அவர் கணக்கு 12 வெற்றி, 8 தோல்வி, 3.46 ஈ.ஆர்.ஏ. அதாவது அந்த 9 வெற்றிகளுக்குப் பிறகு சேர்ந்தவை 3 வெற்றியும் 8 தோல்வியும். நடுவில் ஜூலை இறுதியிலிருந்து சில வாரங்கள் முதுகு வலியால் காயப்பட்டியலிலும் இருந்தார். ஈ.ஆர்.ஏ. என்பது ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதைச் சொல்லும். ஆனால் அடிக்கப்பட்ட பந்து ஹிட் ஆகுமா ஆகாதா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று 2001-லேயே பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் எழுதிவிட்டார். அந்த வழியில் வந்த ‘ஃபிப்’ என்ற அளவு, பிட்சரின் கையிலுள்ள ஸ்ட்ரைக் அவுட், வாக், உடம்பில் பந்து பட்டுத் தரும் பேஸ், ஹோம் ரன் ஆகியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஈ.ஆர்.ஏ. இரண்டுக்குக் கீழேயும் ஃபிப் அதைவிட நன்றாக மேலேயும் இருந்தால், அவரை விற்கலாம், அந்த விலைக்கு வாங்கக் கூடாது. பேஸில் நின்ற ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் ரன் எடுக்காமல் அங்கேயே விடப்பட்டார்கள் என்பதையும் பாருங்கள். லீகின் சராசரி 72 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தொண்ணூறைத் தொடும் ஒருவர் அங்கேயே நிலைத்து நிற்க மாட்டார்.

எனக்கு அதிகம் வலித்தது பிளேக் ஸ்னெல் விஷயம்தான். 2023-இல் சான் டியாகோவுக்கு ஆடி, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்றவர் அவர். 2024-இல் ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போய் மார்ச் 19 அன்றுதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் கையெழுத்திட்டார். மற்றவர்கள் பிப்ரவரியிலிருந்து செய்த பருவ முன்பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. விளைவு, முதல் ஆறு ஆட்டங்களில் 23⅔ இன்னிங்ஸில் 25 ரன்கள், அதாவது 9.51 ஈ.ஆர்.ஏ. நடுவிலும் முடிவிலும் காயம். ஜூன் முதல் வாரத்தில் அவர் இரண்டாம் முறை காயப்பட்டியலுக்குப் போனபோது, எரிச்சலில் ஒரு நொடியில் அவரை விடுவித்தேன். என் லீகில் காயப்பட்டவர்களை வைத்திருக்கத் தனி இடம் உண்டு. அது காலியாகத்தான் இருந்தது. அவரை அங்கே வைத்திருந்தால் எனக்கு ஒரு காசு செலவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொருவர் ஒரு கற்பனை டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார். ஜூலை 9 அன்று திரும்பி வந்த ஸ்னெல், மீதமிருந்த 14 ஆட்டங்களில் 80⅓ இன்னிங்ஸ் வீசி 11 ரன்கள் மட்டுமே கொடுத்தார், 1.23 ஈ.ஆர்.ஏ. ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் ஒரு ஹிட் கூட விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அந்த இரவு கைபேசியில் அறிவிப்பு வந்தபோது நான் மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய 25 ரன்கள் என் அணியில் நிலைத்துவிட்டன, 80 நல்ல இன்னிங்ஸ் வேறொருவருக்குப் போயின. மோசமான ஆட்டத்துக்கு வெளிப்படையான காரணம் ஒன்று இருந்து, அந்தக் காரணம் தீரக்கூடியதாகவும் இருந்தால், கடந்த மாத எண்களை வைத்து அடுத்த மாதத்தைக் கணிக்காதீர்கள். அவரை வைத்திருக்க ஆகும் செலவு என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

காலியான இடங்களை நிரப்ப ஏலத்தில் இறங்கினேன். ஜூன் முடிவதற்குள் 100-இல் 83 போய்விட்டது. அதில் 22 கொடுத்து வாங்கிய கொலராடோ பேட்டர் ஒருவர் முந்தைய வாரம் முழுவதும் அணியின் சொந்த ஊரான டென்வரில் ஆடியிருந்தார். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்திலுள்ள நகரம் அது. மெல்லிய காற்றில் அடித்த பந்து தூரம் போகும், வீசிய பந்து போதிய அளவு வளையாது; அங்கே 2002 முதல் பந்துகளை ஈரப்பதமூட்டிய அறையில் வைத்தே பயன்படுத்துகிறார்கள், இருந்தும் கூர்ஸ் ஃபீல்டு ரன் மழைக்குப் பெயர்போன மைதானமாகவே இருக்கிறது. நான் வாங்கிய மறுநாள் அணி வெளியூர்ப் பயணம் கிளம்பியது. ஒன்பது ஆட்டங்களில் அவரிடமிருந்து எனக்கு வந்தவை நான்கு ஹிட்கள். கடந்த இரண்டு வாரம் எந்த மைதானத்தில், எந்தப் பிட்சர்களுக்கு எதிராக ஆடினார், வரும் இரண்டு வாரம் எங்கே ஆடப்போகிறார் என்று அட்டவணையைப் பார்க்காமல் ஏலத் தொகையை எழுதவே கூடாது.

இழந்ததை மீட்கிறேன் என்று ஜூலையில் பணம் கட்டும் தினசரிப் போட்டிகளிலும் சேர்ந்தேன். எழுதச் சங்கடமாக இருந்தாலும் இதை மறைக்க விரும்பவில்லை. ஒரே நாள் ஆட்டத்தை வைத்து நடக்கும் அவற்றில், இரண்டு வாரக் கணக்கே பெரும்பாலும் தற்செயல் என்றால் ஒரு நாள் கணக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டணத்தில் ஒரு பங்கை நடத்துபவர்கள் எடுத்துக்கொள்வதால் சராசரி ஆட்டக்காரர் நஷ்டத்தில்தான் முடிப்பார். ஆறு வாரத்தில் 1,180 டாலர் போனது. ஆலோசனைத் தளங்களின் சந்தா 140 டாலர், லீக் கட்டணம் 250 டாலர். ஆக மொத்தம் 1,570. இரவில் சராசரி ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் 26 வாரத்தில் 270 மணி நேரத்துக்கு மேல். என் மனைவி கடன் அட்டைக் கணக்கைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க” என்று மட்டும் கேட்டார். பணத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அசைத்தது. அன்று இரவே தினசரிக் கணக்கை மூடினேன். உங்களுக்கும் அந்த இழுப்பு வந்தால் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். லீகில் நான் முடித்தது பதினோராவது இடம்.

அந்தக் குளிர்காலத்தில் நான் தேடிப் படித்தவற்றில் மிகவும் உதவியது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்டன் செய்த ஆய்வு. எந்த எண், எத்தனை வாய்ப்புகளுக்குப் பிறகு, தற்செயலைவிடத் திறமையை அதிகம் காட்டத் தொடங்குகிறது என்று அவர் கணக்கிட்டிருக்கிறார். பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்கு ஏறத்தாழ 60 வாய்ப்பு, வாக் விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170. பேபிப்புக்கோ ஃபீல்டில் விழுந்த பந்துகளே 820 வேண்டும். அது கிட்டத்தட்ட இரண்டு பருவ ஆட்டம். அதாவது நான் நம்பிய 14 நாள் பட்டியலில் ஓரளவுக்கேனும் பேசக்கூடிய எண் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஒன்றுதான், நானோ அங்கே பேட்டிங் சராசரியையும் ஹோம் ரன்னையும் மட்டுமே பார்த்தேன். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் 2015 முதல் 30 அணிகளின் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்னும் கருவி அமைப்பு அளக்கிறது. பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மணிக்கு 95 மைல் அல்லது அதற்கு மேல் வேகத்தில் கிளம்பும் பந்துகளைப் பலமான அடி என்று கணக்கிடுகிறார்கள். சராசரி சரிந்தும் பலமான அடிகளின் விகிதம் சரியாதவரைக் காத்திருந்து பாருங்கள். சராசரியோடு அதுவும் சரிந்து, ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறினால், காயமோ வேறு சிக்கலோ இருக்கிறதா என்று தேடுங்கள். பிட்சருக்கு முதலில் பார்க்க வேண்டியது அவரது வேகப்பந்தின் சராசரி வேகம். அது மணிக்கு இரண்டு மைல் குறைந்து, அடுத்தடுத்த ஆட்டங்களிலும் ஏறாமல் இருந்தால், ஈ.ஆர்.ஏ. அழகாக இருந்தாலும் நான் இப்போது விற்றுவிடுகிறேன்.

திடீரென்று தீப்பற்றியதுபோல் ஆடும் எல்லோரையும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 2006-இல் டெட்ராய்டின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். முழுப் பருவத்திலும் அவர் அடித்தவை 16, ஜூலை இறுதியில் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டார். 2019 ஆகஸ்டில் சின்சினாட்டியின் அரிஸ்டிடெஸ் அக்கினோ 14 அடித்து, ஒரு மாதத்தில் நேஷனல் லீக் புதுமுகம் அடித்த அதிகபட்சம் என்ற சாதனை படைத்தார், செப்டம்பரிலேயே சரிந்துவிட்டார். ஆனால் 2009 செப்டம்பரில் டொராண்டோவின் ஹோசே பாட்டிஸ்டா ஹோம் ரன்களாக அடிக்கத் தொடங்கியபோது, அதற்குப் பின்னால் மட்டை வீச்சை முன்னதாகவே தொடங்கும்படி செய்துகொண்ட மாற்றம் இருந்தது; 2010-இல் அவர் அடித்தவை 54. முதல் இருவரையும் வாங்கியவர்கள் பார்த்தது எண்ணிக்கையை. பாட்டிஸ்டாவை அந்த இலையுதிர் காலத்தில் கவனித்தவர்கள், ஆட்டத்தில் என்ன மாறியது என்று கேட்டார்கள். மட்டை வீச்சு, புதிய வகைப் பந்து, பேட்டிங் வரிசையில் இடம், உடல்நலம் ஆகிய நான்கில் ஒன்றாவது மாறியிருந்தால்தான் நான் இப்போது ஏலத்தில் 10 டாலருக்கு மேல் எழுதுகிறேன்.

2025-இல் டிராஃப்டில் ஹுவான் சோட்டோ எனக்குக் கிடைத்தார். மே முடிந்தபோது அவருடைய சராசரி .250-க்கும் கீழே, புதிய அணி, பெரிய ஒப்பந்தம், பத்திரிகைகளில் தினமும் கேள்விகள். முந்தைய ஆண்டு என்னிடமிருந்து லிண்டோரை வாங்கிய அதே நண்பர் ஒரு டிரேட் கேட்டு அனுப்பினார். பலமான அடி விகிதம், வாக் விகிதம், ஸ்ட்ரைக் அவுட் விகிதம் என மூன்றையும் பார்த்தேன்; மூன்றும் பழைய சோட்டோவுடையவையாகவே இருந்தன. இருபது நிமிடத்தில் மறுத்து எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். ஜூன் மாதத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. பருவத்தை 43 ஹோம் ரன், 38 ஸ்டீல்களோடு முடித்தார். அதே ஆண்டு, முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பிய சாண்டி அல்கான்டராவை ஜூனில் விடுவித்தேன். அவர் கொடுக்கும் வாக் எண்ணிக்கை ஏறியிருந்தது, என்னிடம் இடமும் இல்லை. பருவத்தின் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளையில் 7.22 ஆக இருந்த அவருடைய ஈ.ஆர்.ஏ. பருவ முடிவில் 5.36-க்கு இறங்கியது; இரண்டாம் பாதியில் மிக நன்றாக வீசினார். அந்த முடிவுக்காக நான் வருந்தவில்லை, ஏனென்றால் அன்று கையிலிருந்த தகவலை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். லீகில் நான்காவதாக முடித்தேன், பரிசு மூவருக்கு மட்டும். இப்போது என் செயலியின் முகப்பில் 14 நாள் பட்டியலை எடுத்துவிட்டு, முழுப் பருவக் கணக்கை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கிறேன், மனைவியும் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்.